மறுமொழி: உண்ணிக் காய்ச்சலா, புதர்க்காய்ச்சலா?

ஐயா, புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு "உண்ணிக் காய்ச்சல்" என்ற சொல் பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

போன கார்த்திகையில் பண்ருட்டியில் எங்கள் சித்திக்கு இது வந்தது. முந்திரித் தோப்பில் சுள்ளி பொறுக்கிவிட்டு வந்தார், பத்து நாள் கழித்துக் காய்ச்சல். டெங்குவுக்குப் பார்த்தார்கள், டைபாய்டுக்குப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அப்புறம் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாதான் பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருப்பதைப் பார்த்தார். வலி இல்லாததால் சித்தி அதைக் கவனிக்கவே இல்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் "உண்ணிக் காய்ச்சல்" என்று காதில் விழுந்ததும் சித்தப்பா செய்த முதல் வேலை, மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி மருந்து அடித்ததுதான். தோப்புப் பக்கம் அவர் போகவே இல்லை!

மாட்டு உண்ணியைக் கையால் பிடுங்கலாம். இதைப் பரப்பும் மைட் (mite) என்ற நுண்ணிய பூச்சி வேறு. அதிலும் கடிப்பது ஆறு கால் குஞ்சு மட்டும், 0.2 மி.மீ. இருக்கும், வளர்ந்து எட்டுக் கால் வந்துவிட்டால் மண்ணில் பூச்சி முட்டையைத் தின்றுகொண்டு கிடக்கும், நம் பக்கம் வராது. கிருமியோ (ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி) தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது.

மைட்டுக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். செடியில் வருவதை நம் விவசாயிகள் செம்பேன், சிலந்திப்பேன் என்கிறார்கள். மழைக்குப் பின் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சி, சங்கப் பாட்டில் வரும் மூதாய், அதுவும் இதற்கு உறவுதான். அதனால் முதலில் "புதர்ப்பேன் காய்ச்சல்" என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு நானே அடித்துவிட்டேன், ஏனென்றால் உடல் பேனால் பரவும் டைபஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதோடு குழம்பும்.

சரி, பூச்சியின் பெயரே வேண்டாம், "புதர்க்காய்ச்சல்" போதும். எங்கே போனீர்கள் என்று கேட்க டாக்டருக்கும் அது நினைவூட்டும்.

கடித்த இடத்தில் வரும் அந்தக் கறுப்புப் பொருக்கை டாக்டர்கள் எஸ்கார் என்கிறார்கள், அதற்கு நான் நினைத்தது "கரும்பொருக்கு". சித்தி அதைக் "கருகல்" என்கிறார். எது பொருந்தும் என்று சொல்லுங்கள், எனக்கென்னவோ சித்தி பக்கம்தான் சாய்கிறது.