மறுமொழி: ‘பிராஸ்பெக்ட்’டுக்குத் தமிழ் – இருப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ‘ஆயில் பிராஸ்பெக்ட்’டுக்கு, அதாவது எண்ணெய் இருக்கலாம் என்று குறித்துவைத்து இன்னும் துளையிடாத இடத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டு மொட்டையாக ஒரு வரி போட்டிருந்தேன். எதற்கு, எங்கே வருகிறது என்று சொல்லாமல் கேட்டால் எப்படி என்று மூன்று பேர் தனிமடலில் கடிந்துகொண்டார்கள். சரி, கதையோடு கேட்கிறேன்.

என் மாமா இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். கடலில் காலூன்றி நின்று எண்ணெய்க்குத் துளையிடும் ரிக்குகளின் கால்களைப் பற்றவைத்தவர். ஓய்வுபெற்றதும் மசே நிதியிலிருந்து (மத்திய சேமநிதி) கொஞ்சம் கைக்கு வந்தது. அது யார் காதில் விழுந்ததோ, முதலீட்டுக் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு வந்துவிட்டது. சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல், மத்தியானம் பிரியாணி, போகும்போது கையில் நான்கு பக்கத் துண்டறிக்கை. தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு வரி: “இப்பகுதியில் 3 கோடி பீப்பாய் நிரூபிக்கப்படாத எண்ணெய் இருப்பு உள்ளது.” குறைந்தபட்சப் பங்கு பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளி.

மாமா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “இருப்பு உள்ளதுன்னு போட்டிருக்கான். அப்புறம் என்ன?”

அந்த ‘அப்புறம் என்ன’தான் என்னைத் தூங்கவிடவில்லை. மளிகைக் கடையில் இருப்பு என்றால் அரிசி மூட்டை கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது. வங்கியில் இருப்பு என்றால் நாளைக்கே எடுக்கலாம். முன்னால் ‘நிரூபிக்கப்படாத’ என்று எத்தனை அடைமொழி போட்டாலும் கண் போய் நிற்பது ‘இருப்பு உள்ளது’ என்பதில். துண்டறிக்கையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். ரிசர்வ்ஸ் இல்லை, பிராஸ்பெக்டிவ் ரிசோர்சஸ்.

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெட்ரோலியப் பொறியாளர்களின் உலகச் சங்கம் 2007இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வகைப்பாட்டில் மூன்று படிகள் உண்டு. இன்னும் துளையிட்டே பார்க்காமல், அதிர்வலை அனுப்பி எடுத்த நிலத்தடிப் படத்தை மட்டும் வைத்து ‘இருக்கலாம்’ என்று சொல்வது பிராஸ்பெக்டிவ். துளையிட்டுக் கண்டாயிற்று, ஆனால் விலையோ குழாயோ அனுமதியோ ஏதோ ஒன்று இடிக்கிறது, எடுக்க இன்னும் வழி பிறக்கவில்லை என்றால் கண்டிஞ்சன்ட். கண்டு, கணக்குப் போட்டு, லாபமாக எடுக்கலாம் என்று முடிவான பிறகுதான் ரிசர்வ்ஸ். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் முதன்மைப் பட்டியலில் ஒரு எண்ணெய் நிறுவனம் சேர வேண்டுமானால் குறைந்தது நடுப்படியாவது இருக்க வேண்டும். அதையும் சார்பில்லாத வல்லுநர் ஒருவர் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். மாமாவின் துண்டறிக்கை முதல் படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

ஆகவே மூன்று படிக்கும் மூன்று சொல் வேண்டும். என் முன்மொழிவு: ‘வாய்ப்பு வளம்’, ‘நிபந்தனை வளம்’, ‘இருப்பு’. அடித்து நொறுக்குங்கள்.

* * *

ஈசூன் பொறியாளர் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். ‘நிரூபிக்கப்படாத இருப்பு’ என்ற சொற்றொடரே பித்தலாட்டம் என்பதுபோல எழுதிவிட்டீர்கள். அப்படியில்லை. கண்டுபிடித்து, எடுக்க முடிவும் செய்த எண்ணெய் வயலிலேயே உறுதியானது, நம்பத்தக்கது, இருக்கக்கூடியது என்று மூன்று தரம் பிரிப்போம். பின்னிரண்டையும் ‘நிரூபிக்கப்படாத இருப்பு’ என்று அழைப்பது தொழிலில் பழக்கம்தான். துளையே போடாத இடத்துக்கு அதை ஒட்டியதுதான் தப்பு.

இன்னொன்று. சொல்லில் வசவு ஏறிவிடக் கூடாது. இன்று ஓடுகிற வயல் எல்லாம் ஒரு காலத்தில் பிராஸ்பெக்ட்தான். நார்வேக்குச் சொந்தமான வடகடல் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் பலனில்லாமல் போயின. பிலிப்ஸ் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் மூட்டை கட்ட நினைத்தது. ஆனால் ஒப்பந்தப்படி இன்னொரு கிணறு பாக்கி, ரிக்குக்கும் வாடகை கட்டியாகிவிட்டது. சரி, அதையும் போட்டுத் தொலைப்போம் என்று போட்டதில் 1969 கடைசியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தது. 1971இல் உற்பத்தி தொடங்கியது, இன்னும் எடுக்கிறார்கள்.

* * *

தோ பாயோ அக்கா எழுதியது:

தேடுவதால் ‘தேட்டம்’ என்று சொல்லலாமே என எழுத உட்கார்ந்தேன். பிறகு அப்பம்மா ஞாபகம் வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ‘தேடிய தேட்டம்’ என்றால் கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்த சொத்து. அது கையில் இருக்கிற காசு. உங்கள் மாமாவுக்கு இதைச் சொன்னால் பத்தாயிரம் இல்லை, இருபதாயிரம் போட்டுவிடுவார். வாபஸ்.

‘வாய்ப்பு வளம்’ எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. வேலைவாய்ப்பு, அரிய வாய்ப்பு, கடைசி வாய்ப்பு... விற்கிறவன் வாயில் எப்போதும் இருக்கும் சொல் அது.

* * *

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. ‘வாய்ப்பு’ செத்தது, அக்கா சொன்னதும் எனக்கே கூசிவிட்டது.

மூன்று படிக்கும் நடுவிலுள்ள கோடு எது என்று யோசித்தேன். முதல் கோடு, கண்டோமா இல்லையா. இரண்டாவது, எடுத்தால் கட்டுப்படியாகுமா இல்லையா. அப்படியானால் பெயரும் அதையே சொல்லட்டும்: காணா வளம், கண்ட வளம், இருப்பு. ‘கண்ட’ என்பதைப் பிரித்தே எழுத வேண்டும். சேர்த்தால் ‘கண்டவள்’ என்று யாரோ ஒரு பெண் எதையோ கண்டது போலாகிவிடும்.

கண்ட வளத்துக்கு நமக்குத் தெரிந்த உதாரணம் இலங்கையின் மன்னார். 2011இல் அந்தக் கடலில் கெய்ர்ன் நிறுவனம் துளையிட்டு இரண்டு இடத்தில் எரிவாயு கண்டது. பிறகு விலகிப் போய்விட்டது. வாயு அங்கேயேதான் கிடக்கிறது, யார் வீட்டு அடுப்புக்கும் வரவில்லை. இதை இருப்பு என்று எழுதினால் எத்தனை பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும் என்று பாருங்கள்.

பிராஸ்பெக்ட் என்ற இடத்துக்குக் ‘குறியிடம்’. படம் பார்த்துக் குறித்த இடம். கோடாங்கி குறி சொல்வதும் சேர்ந்து ஒலிக்கிறதே என்பீர்கள், ஒலிக்கட்டும், தப்பில்லை. அதற்கு முந்திய நிலைகளுக்குப் புலம் (‘ப்ளே’, எண்ணெய் தேறக்கூடிய பரந்த பகுதி), தடம் (‘லீட்’, இன்னும் ஆராய வேண்டிய இடம்). புலத்தில் தடம் பிடித்து, தடத்தில் குறியிடம் வைக்கிறார்கள். துளைத்தும் ஒன்றுமில்லை என்றால் ‘பொய்த்த கிணறு’. மழை பொய்த்தது என்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி லாபம் வருமா என்ற விஷயம். மாமாவிடம் சொன்ன கணக்கையே தருகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எண்ணெய் ஊறிய மூலப்பாறை வேண்டும். அதைத் தேக்கிவைக்கும் நுண்துளைப் பாறை வேண்டும். மேலே ஒழுகாத மூடி, கவிழ்த்த கிண்ணம் போன்ற அமைப்பு, கிண்ணம் உருவான பிறகு எண்ணெய் வந்து சேர்ந்த காலப் பொருத்தம். ஆக ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எழுபது என்று தாராளமாகக் கொடுத்தேன். “அப்ப எழுபது சதவீதம் வரும்” என்றார் மாமா. இல்லை, ஐந்தும் ஒருசேர அமைய வேண்டும், ஆகவே பெருக்க வேண்டும். பெருக்கினால் பதினேழு.

கிணற்றுக்கு 5 கோடி வெள்ளி செலவு, கிடைத்தால் செலவெல்லாம் போக 30 கோடி என்று வையுங்கள். பதினேழு சதவீதத்தில் 30 கோடி என்பது 5 கோடியே 10 லட்சம். மிச்சம் எண்பத்து மூன்றில் 5 கோடி இழப்பு, அது 4 கோடியே 15 லட்சம். கழித்தால் 95 லட்சம் மிச்சம். பரவாயில்லையே! ஆனால் கண்டதையெல்லாம் எடுத்துவிட முடியாது, மன்னாரைப் பாருங்கள். எடுக்கக் கட்டுப்படியாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று ஒரே ஒரு பெருக்கல் சேர்த்தால் அந்த 95 லட்சம் கரைந்து, 2 கோடி நட்டமாகிவிடுகிறது. எண்ணெய் விலை அந்தப் பாதியை எப்படி ஆட்டும் என்பது பட்டறைக்காரரான மாமாவுக்கே தெரியும். 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனபோது, கட்டி முடித்த ரிக்குகளை வாங்க வராமல் இழுத்தடித்தார்களே.

பெரிய நிறுவனம் இருபது குறியிடத்தில் பணத்தைப் பரப்பும். மூன்று பலித்தால் போதும். ஐயா சொன்ன எக்கோஃபிஸ்க் கதையிலும் முப்பது தோல்விக்கு அழ வேறு வேறு பைகள் இருந்தன. மாமாவுக்கு ஒரே பை, ஒரே கிணறு.

* * *

ஈசூன் பொறியாளர்:

குறியிடம், பொய்த்த கிணறு இரண்டும் பிரமாதம். ‘காணா வளம்’ மட்டும் காணாமல் போன வளம் போல இருக்கிறதே?

* * *

ஐயா, காணாமல் போனதும் உண்டே. 1983இல் அலாஸ்காவுக்கு வடக்கே கடலில் முக்லுக் என்று ஒரு குறியிடம். சரளைக்கல் கொட்டித் தீவு கட்டி, ஏலம் கிணறு எல்லாமாக நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். கீழே எண்ணெய்க் கறை படிந்த பாறையும் உப்புத் தண்ணீரும். எண்ணெய் ஒரு காலத்தில் இருந்து, ஒழுகிப் போயிருந்தது. ஐந்தில் ஒன்று தவறியது, அவ்வளவுதான். அதனால் அந்த நிழல்பொருளோடேயே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

நேற்று மாமா வீட்டு மேசையில் துண்டறிக்கையை விரித்து, ‘நிரூபிக்கப்படாத எண்ணெய் இருப்பு’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ‘காணா வளம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “இப்பகுதியில் 3 கோடி பீப்பாய் காணா வளம்...” ‘உள்ளது’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “காணாததை எப்படிடா உள்ளதுன்னு எழுதுவான்?” அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சொல், ‘ஃபார்ம்-அவுட்’. உரிமம் ஒருவருடையது, இன்னொருவர் தன் செலவில் துளையிட்டுப் பங்கு வாங்கிக்கொள்கிறார். நிலத்தை வாரத்துக்கு விடுவதுதானே இது? ‘வாரத்துக்கு விடுதல்’ என்றே வைக்கலாமா? தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.