அரிக்கா பாம்: ஓலை நுனி கருகுவதற்கும் அடிமட்டை மஞ்சளாவதற்கும் காரணம் ஒன்றா, இரண்டா?

நிழல்முற்றம்:

அனைவருக்கும் வணக்கம். பாம் வகைகளை வீட்டுக்குள் நெடுநாள் வளர்த்துப் பழகியவர்களின் கருத்தை வேண்டி இதை எழுதுகிறேன். எங்கள் வரவேற்பறையில் உள்ள அரிக்கா பாம் செடி என் தோளுயரம் இருக்கிறது. ஒரே தொட்டியில் பல தண்டுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. சில மாதங்களாக ஓலைகளின் நுனி பழுப்பாகிக் காய்ந்துவருகிறது. அதோடு, அடியிலுள்ள மட்டைகளும் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. குருத்து நின்றுவிடவில்லை, மெதுவாகவேனும் புதிய மட்டைகள் விரிகின்றன. ஆனால், அவை முன்பு வந்தவற்றைவிடச் சிறியனவாகவும் வெளிறியும் இருக்கின்றன.

செடி சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. நேர்வெயில் படுவதில்லை என்றாலும், பகலில் விளக்கில்லாமல் படிக்கும் அளவுக்கு அங்கே வெளிச்சம் உண்டு. வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் தொட்டியோடு, அடியில் துளையில்லாத ஓர் அலங்காரப் பீங்கான் தொட்டிக்குள் அதை வைத்திருக்கிறோம். குழாய்த் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

நுனி காய்வதால் தண்ணீர் போதவில்லை என்கிறார் வீட்டுக்கு வந்த ஒருவர். மட்டை மஞ்சளாவதால் தண்ணீர் அதிகம் என்கிறார் இன்னொருவர். எப்சம் உப்பு போடச் சொன்னவர்களும் உண்டு. தண்ணீரைக் கூட்டுவதா, குறைப்பதா? மஞ்சளான மட்டைகளை வெட்டிவிடலாமா? தண்ணீரை இரவு முழுவதும் வைத்திருந்து ஊற்றினால் நுனி கருகுவது நிற்குமா?

குருத்தோலை:

வணக்கம். கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவு செய்வதற்கு முன், எந்த மட்டையில் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். பாம் செடியின் ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான் உண்டு. எல்லா மட்டைகளும் அதிலிருந்தே வரிசையாக வெளிப்படுவதால், மேலிருப்பது இளையது, அடியிலிருப்பது மூத்தது என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். வேறு செடிகளில் இவ்வளவு தெளிவாக வயதை வாசிக்க முடியாது. எனவே, பழுது அடிமட்டைகளில் தொடங்கி மேலேறுகிறதா, குருத்தில் தொடங்குகிறதா, அல்லது எல்லா வயது மட்டைகளிலும் நுனியில் மட்டும் நிற்கிறதா என்பதே முதல் தடயம்.

எல்லா மட்டைகளிலும் நுனி மட்டும் கருகினால் நான் முதலில் தண்ணீரில் கரைந்துள்ள உப்பையே ஐயுறுவேன். வேர் உறிஞ்சும் நீர் ஓலை வழியாக ஆவியாகிப் போகிறது. அதில் கரைந்திருந்த உப்பு போக வழியின்றி, நீர் கடைசியாகச் சென்று சேரும் இடமான நுனியில் தேங்குகிறது. அளவு மிகும்போது அந்த இடத்துத் திசு இறந்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குவளை என்று ஊற்றும் முறையில் மண் எப்போதும் மேலாக நனைகிறதே தவிர, அடித்துளை வழியாக நீர் வழிந்தோடி உப்பைக் கழுவிக்கொண்டு போவதில்லை. தொட்டியின் உள்விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெண்மையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பொருக்கைச் சுரண்டியெடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, முழுவதும் வடியவிட வேண்டும்.

தண்ணீரை இரவு முழுவதும் வைத்திருப்பது குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் குளோரின் பெரும்பாலும் வெளியேறும். ஆனால், அரிக்கா பாமின் ஓலை நுனியைப் பாதிக்கும் ஃபுளோரைடும் கரைந்த உப்புகளும் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் போகமாட்டா. காய்ச்சினால் நீர் ஆவியாகி அவற்றின் செறிவு கூடவே செய்யும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை, இல்லையென்றால் ஆர்.ஓ. வடிகட்டியின் சுத்தநீரைப் பயன்படுத்தலாம். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அவற்றுக்குப் பதில் சோடியத்தைச் சேர்த்து நீரை மென்மையாக்கும் கருவியின் தண்ணீரை மட்டும் எந்தப் பாம் செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

தண்ணீரின் அளவை நாட்கணக்கில் தீர்மானிக்காதீர்கள். நன்றாக ஊற்றி வடியவிட்டபின் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். சில நாள் கழித்து மறுபடியும் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்திருப்பதோடு, விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் விட்டுப் பார்க்கையில் மேல்மண்ணும் உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். உங்கள் செய்தியில் எனக்கு அதிகக் கவலை தருவது துளையில்லாத அந்தப் பீங்கான் தொட்டிதான். உள்தொட்டியை வெளியே எடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

செடித்துணை:

மேலே சொன்னதோடு ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளை ஓலைக்கு அடியில் பிடித்து மட்டையை இலேசாகத் தட்டுங்கள். விழும் தூசியில் மிளகுப்பொடித் துகளைவிடச் சிறிய புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். குளிர்சாதனக் காற்று வீசும் உலர்ந்த அறைகளில் அரிக்கா பாமுக்கு இத்தொல்லை மிகுதி. ஓலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிப்போவதை மஞ்சள் நோய் என்று எடுத்துக்கொண்டு, உரம் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

வேரடிமண்:

குருத்தோலை அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். மஞ்சள் மட்டைகளைப் பற்றியும் எப்சம் உப்பைப் பற்றியும் சிலவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பாம் செடிகளுக்கு அதிகக் கேடு விளைவது அவ்விரண்டாலும்தான்.

சாம்பல்சத்தாகிய பொட்டாசியம் செடிக்குள் இடம்பெயரக்கூடியது. மண்ணிலிருந்து அது போதிய அளவு கிடைக்காதபோது, செடி தன் மூத்த மட்டைகளிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அடிமட்டை மஞ்சளாவதன் பொருள் பல நேரங்களில் இதுவே. அரைகுறையாக மஞ்சளான மட்டையை அழகு கருதி வெட்டிவிட்டால், செடி அடுத்த மட்டையிலிருந்து எடுக்கத் தொடங்கும்; அதுவும் மஞ்சளாகும்; அதையும் வெட்டினால் கடைசியில் ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று மட்டைகளே மிஞ்சும். ஆகவே முழுவதும் பழுப்பாகிக் காயும்வரை எந்த மட்டையையும் வெட்ட வேண்டாம். பார்வைக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம். ஆனால் செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது.

அடுத்து, எது குறைகிறது என்பதை மட்டையைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். மூத்த மட்டையின் ஓரம் நெடுக அகலமான மஞ்சள் பட்டை ஓடி, நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால் அது பெரும்பாலும் மக்னீசியக் குறைபாடு. ஓலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கும்போது ஒளி ஊடுருவும் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்து, நுனியும் காய்ந்திருந்தால் அது பொட்டாசியக் குறைபாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கேதான் தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது: நுனி கருகுவது மூத்த மட்டைகளில் மட்டும் மிகுதியாக இருந்தால் அதுவும் மஞ்சளும் ஒரே குறைபாட்டின் இரண்டு அடையாளங்கள், இளைய மட்டைகளிலும் கருகினால் உப்பையும் வேரையும் தனியே பார்க்க வேண்டும்.

எப்சம் உப்பு மக்னீசியமும் கந்தகமும் மட்டுமே தரும். பொட்டாசியமும் மக்னீசியமும் வேரில் ஒன்றோடொன்று போட்டியிட்டு உறிஞ்சப்படுபவை என்பதால், பொட்டாசியம் குறைந்த செடிக்கு எப்சம் உப்பைத் தொடர்ந்து கொடுத்தால் அந்தக் குறைபாடு மேலும் கூடும். அடையாளம் தெரியாமல் அதைப் போடாதீர்கள். பாம் வகைகளுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவாகவும், சாம்பல்சத்து தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்கும், மெதுவாகக் கரையும் குருணை உரம் ஏற்றது. மக்னீசியமும் நுண்ணூட்டங்களும் அதில் சேர்ந்திருந்தால் நல்லது.

ஆர்.ஓ. நீரைப் பற்றி ஒரு சிறு மாற்றுக்கருத்து. அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அநேகமாக இருப்பதில்லை. அதை மட்டுமே நெடுநாள் ஊற்றுபவர்கள் அவற்றை உரத்தின் வழியாகக் கொடுத்தாக வேண்டும். குழாய்நீர் மிகவும் உப்பாக இல்லையென்றால் இரண்டையும் கலந்து ஊற்றுவதே எனக்குச் சரியெனப் படுகிறது.

குருத்து வெளிறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாதபோது இளம் மட்டைகள் அப்படித்தான் வரும். நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் போவது அதற்கு முக்கியமான காரணம்.

நிழல்முற்றம்:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கேட்டவற்றை எல்லாம் பார்த்துவிட்டேன்.

பீங்கான் தொட்டியின் அடியில் இரண்டு விரல்கட்டை உயரத்துக்குக் கலங்கிய நீர் நின்றது. உள்தொட்டியின் கீழ்ப்பகுதி அதில் மூழ்கியிருந்தது. செடியை மண்ணோடு மெதுவாக உருவிப் பார்த்தபோது, மேல் பாதியிலுள்ள வேர்கள் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருந்தன. அடியிலுள்ளவை பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து உள்ளே நரம்பு மட்டும் எஞ்சியது. சேற்று வாடையும் அடித்தது. தொட்டி விளிம்பில் வெண்பொருக்கு இருந்தது. தாளில் தட்டியபோது நகரும் புள்ளிகள் சில விழுந்தன. மூத்த மட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிகின்றன. ஓலை நுனிகள் மூத்தவற்றில் நிறையவும் நடுமட்டைகளில் கொஞ்சமாகவும் கருகியிருக்கின்றன.

இப்போதே மண் மாற்றலாமா? தண்டுகளைப் பிரித்து இரண்டு தொட்டிகளில் வைத்தால் நெருக்கம் குறைந்து நல்லதாக இருக்குமா?

குருத்தோலை:

வேர் அழுகலே மையக் காரணம் என்பது இப்போது தெளிவாகிறது. அழுகிய வேரால் நீரையும் எடுக்க முடியாது, பொட்டாசியத்தையும் எடுக்க முடியாது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவருமே பார்த்தது ஒரே நிலையைத்தான்: தொட்டியில் நீர் மிகுந்திருக்கிறது, ஓலைக்கு நீர் போய்ச் சேரவில்லை. வெண்பொருக்கு அதன்மேல் கூடுதல் சுமை.

தண்டுகளைப் பிரிக்க வேண்டாம். அரிக்கா பாம் அடியில் பக்கக்கன்று விடும் இயல்புடையது என்றாலும், விற்பனைக்கு வரும் தொட்டிகளில் பெரும்பாலும் பல நாற்றுகளை நெருக்கி நட்டிருப்பார்கள். அவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். பிரிக்க முயன்றால் நல்ல வேரும் அறுந்துபோகும். ஏற்கெனவே வேர் இழந்த செடி அதைத் தாங்காது. மெலிந்த தண்டு ஒன்றிரண்டு தாமாகவே காய்ந்துபோவது இயல்பு. அவற்றை அடியோடு நறுக்கிவிடலாம். மற்ற தண்டுகளின் உச்சியை மட்டும் எக்காரணத்தாலும் வெட்டாதீர்கள், ஏனெனில் வளர்முனை போனால் அந்தத் தண்டு மீண்டும் துளிர்ப்பதில்லை.

மண்ணை இப்போதே மாற்றுங்கள். பாம் செடியின் வேரைத் தேவையில்லாமல் கலைக்கக்கூடாது என்பது பொதுவிதி. அழுகல் இருக்கும்போது அது பொருந்தாது. கூழாகிப்போன வேர்களைச் சுத்தமான கத்தரியால் நீக்கிவிட்டு, உறுதியான வேர்களைச் சுற்றியுள்ள மண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். வேர் குறைந்துவிட்டதால் பெரிய தொட்டி வேண்டாம். அதே அளவு, அல்லது ஒரு படி சிறியது போதும். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க்கழிவோடு பருமணலோ, பெர்லைட் என்னும் இலேசான வெண்ணிறக் கல்துகளோ, மரப்பட்டைத் துண்டுகளோ தாராளமாகக் கலந்து, ஊற்றிய நீர் மேலே குளமாக நிற்காமல் உடனே இறங்கும்படி கலவையை அமைத்துக்கொள்ளுங்கள். பெர்லைட்டில் சிறிதளவு ஃபுளோரைடு உண்டு என்பதால் அதை முன்கூட்டியே அலசிக்கொள்வது நல்லது. நடும்போது தண்டின் அடி முன்பு இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும். செடி ஆடுகிறது என்பதற்காக ஆழமாகப் புதைத்தால் இரும்புக் குறைபாடு மறுபடியும் வரும். ஆடினால் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டுங்கள்.

புதிய வேர் ஓடும்வரை எந்த உரமும் வேண்டாம். குருத்து நீள்வதும் அடுத்த மட்டை நல்ல பச்சையாக விரிவதும் அதற்கான அறிகுறி. வேரடிமண் அவர்கள் சொன்ன குருணை உரத்தை அதன் பிறகு கொடுக்கலாம். அலங்காரத் தொட்டியைப் பயன்படுத்துவதாக இருந்தால், உள்ளே கூழாங்கற்களைப் பரப்பி, உள்தொட்டியின் அடி நீரைத் தொடாத உயரத்தில் வையுங்கள். ஊற்றி அரைமணி நேரம் கழித்து வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

செடித்துணை:

பேன்களுக்கு: செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, ஓலைகளின் அடிப்புறத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சிகளுக்கான சோப்புக் கரைசலையோ வேப்பெண்ணெய்க் கரைசலையோ முதலில் ஓரிரு ஓலைகளில் தெளித்து, ஓலை கருகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். முட்டைகள் பலவும் இதில் தப்பிவிடும். ஆகவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் சில முறையாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஓலைமேல் நீர் தெளித்தால் காற்றின் ஈரப்பதம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. செடிகளைக் கூட்டமாக வைப்பதும், குளிர்காற்று நேராக வீசும் இடத்திலிருந்து நகர்த்துவதும் அதைவிடப் பயன் தரும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். அரிக்கா பாம் மடகாஸ்கரைச் சேர்ந்தது. நல்ல வெளிச்சத்தை விரும்புவது. படிக்கப் போதுமான வெளிச்சம் அதற்குப் போதாது. இந்த வேலைகள் முடிந்ததும் நேர்வெயில் படாதவாறு சன்னலை ஒட்டி வையுங்கள். அங்கே நகர்த்த வழியில்லையென்றால், குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் கெண்டியா பாமையோ, ராபிஸ் என்னும் லேடி பாமையோ, மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளின் நிழலில் வளரும் பார்லர் பாமையோ அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், சேகோ பாம் என்று விற்கப்படும் செடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது பாம் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று, சைக்கஸ் இனம், அதன் எல்லாப் பாகங்களும், குறிப்பாக விதைகள், அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

வேரடிமண்:

கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. பார்வைக்கு உறுத்தினால் நுனியின் வடிவத்தை ஒட்டிச் சாய்வாக நறுக்குங்கள். பச்சைப் பகுதியைத் தொடாமல், பழுப்பில் ஒரு மெல்லிய கோட்டை விட்டு வெட்ட வேண்டும். பச்சையில் வெட்டுப்பட்டால் அந்த விளிம்பு மறுபடியும் காயும். செடி தேறுகிறதா என்பதைப் பழைய மட்டைகளை வைத்துக் கணிக்காமல், மண் மாற்றிய பின் விரியும் மட்டைகளின் நிறத்தையும் நுனியையும் வைத்தே கணியுங்கள். வெப்பமான பருவத்திலேயே இதற்குச் சில மாதங்கள் ஆகும்; அதுவரை அடிமட்டைகள் இன்னும் ஒன்றிரண்டு மஞ்சளாகலாம், அதைக் கண்டு தண்ணீரைக் கூட்டவோ உரத்தைத் தொடங்கவோ வேண்டாம்.