நாலு மணிப் பசிக்கு என்ன கொண்டுபோகலாம்?

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் வெறும் வயிற்றில் பார்த்த சீனி 112. நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றார் டொக்டர். பின்னேரம் 4 மணிக்குக் கை நடுங்கும் அளவுக்குப் பசி. கன்டீனில் றோல்ஸ், பற்றிஸ், வடை மட்டும்தான்.

அவித்த கடலை கொண்டுபோய்ப் பார்த்தேன். காலை 6 மணிக்குத் தாளித்து, தேங்காய்ச் சொட்டும் போட்டு மூடினால், பின்னேரம் திறக்கும்போதே புளித்த வாசம். விரலில் பிசுபிசுவென்று நூல் விடும். இந்த வெக்கைக்கு வேறென்ன நடக்கும்! கந்தோரில் ஃபிரிட்ஜ் இல்லை. கிரீம் கிராக்கரும் கோதுமை மா தானே, அரை மணியில் திரும்பப் பசிக்கும். கச்சான் நல்லது, ஆனால் பை காலியாகும்வரை கை நிற்காது. கொய்யாப்பழம் மட்டும் போதவில்லை.

ஃபிரிட்ஜ் இல்லாமல் பின்னேரம் வரை கெடாத, சீனியை ஏற்றாத, பசி தாங்கும் சிற்றுண்டி எது?