குவாரி விரிவாக்கத்துல மலை எவ்வளவு கெடும்னு எப்படிக் காட்டுறது?

கரட்டடியான்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. எங்க ஊரு மேலூர் பக்கம். ஊருக்குக் கிழக்க ஒரு கரடு இருக்கு, அதுல தெக்கு ஓரமா நாலு ஹெக்டேர் ஜல்லிக் குவாரி ஏற்கனவே ஓடுது, இப்ப ஒட்டுனாப்புல இன்னும் அஞ்சு ஹெக்டேர் கேக்குறாய்ங்க, அடுத்த மாசம் கருத்துக்கேட்பு. குவாரிக்காரங்க குடுத்த சுற்றுச்சூழல் பாதிப்பு ரிப்போர்ட்டோட தமிழ்ச் சுருக்கத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ்ல வாங்கிப் படிச்சேன். தூசிக்கு டேபிள், வெடி அதிர்வுக்கு டேபிள், தண்ணிக்கு டேபிள். கண்ணுக்குத் தெரியுற மாற்றத்துக்கு மட்டும் ஒரே வரி, சுத்தி மரக்கன்னு நடுறதால பாதிப்பு கம்மியாம். வேப்பங்கன்னு நட்டா மலை மறைஞ்சுருமா? சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காந்தா எதிர்வெயில் அந்த வெட்டுன முகத்துல அடிச்சு கண்ணு கூசுது, மத்த பாறையெல்லாம் கறுத்துக் கெடக்க அது மட்டும் தோல் உரிச்சாப்புல வெளேர்னு நிக்கிது. ஆனா மைக்கப் புடிச்சு "மலை அழகா இருந்துச்சு சார்"னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிருவாய்ங்க. அளந்து காட்ட வழி இருக்கா?

வரைபடப் பித்தன்:
இருக்கு தம்பி, காசும் பெருசா ஆகாது. க்யூஜிஐஎஸ்னு மேப்பு போடுற சாப்ட்வேர் இலவசம், அதுல விசிபிலிட்டி அனாலிசிஸ்னு ஒரு பிளக்இன் சேத்து வியூஷெட் போடுங்க. குவாரி முகத்துல ஒரு புள்ளி வச்சா அது எந்தெந்த இடத்துல இருந்து தெரியும்னு கலர் அடிச்சுக் காட்டும். நிலத்தோட உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம்னு ஒரு டேட்டா இருக்கு, அத எடுங்க, 30 மீட்டர் கட்டம்தான், சின்னப் பாறையெல்லாம் வராது, ஆனா ஒரு வசதி, அது 2000 பிப்ரவரில ஸ்பேஸ் ஷட்டில்ல இருந்து எடுத்தது, உங்க குவாரி அதுக்கப்புறம் வந்ததுன்னா வெட்டுறதுக்கு முந்துன மலை அதுலயே கெடைக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, மேப்பு தனித்தனி மரத்தையும் வீட்டையும் கணக்குல எடுக்காது, அதனால நேர்ல போய்ப் பாக்காம எதையும் எழுதாதீங்க.

போட்டோல ஒரு சூட்சுமம். போன் கேமரா அகல லென்ஸ், தூரத்து மலையக் குட்டியாக் காட்டும். 2எக்ஸ் ஜூம் வச்சு, கண்ணு உயரத்துல, அதாவது தரையில இருந்து ஒண்ணரை மீட்டர்ல எடுங்க, கிட்டத்தட்ட நாம பாக்குற மாதிரி வரும். நின்ன இடம், தேதி, மணி, எந்தத் திசை, எல்லாம் குறிங்க. அப்புறம் அவங்க பிளான்ல இருக்கற வெட்டு எல்லையை அதே போட்டோ மேல கோடா வரைஞ்சுருங்க.

மரம் விஷயம் எளிய கணக்கு. குவாரி அடியில நட்ட அஞ்சு மீட்டர் மரம் அஞ்சு மீட்டரைத்தான் மறைக்கும், மேல இருக்கற அம்பதும் அப்படியே தெரியும். அதே மரம் ரோட்டோரமா நம்மள்ல இருந்து 20 மீட்டர்ல இருந்தா அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற 60 மீட்டர் உயரத்தையே மறைச்சுரும். எங்க நடுவீங்கன்னு கேளுங்க.

டிப்பர் பாண்டி:
நானும் இதுலதான் சோறு திங்கிறேன், கோவிச்சுக்காதீங்க. போட்டோ எடுக்குற எல்லாரு வீட்டு காங்கிரீட்லயும் ஜல்லிதான கெடக்கு? ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். ஊரு பாக்குற முகத்தை விட்டுட்டு பின்னாடி இருந்து இறங்கி, உச்சிய ஒடைக்காம எடுத்தா வெளிய இருந்து பெருசாத் தெரியாது. ரோட்டுக்குப் பக்கம், ஏத்தக்கூலி மிச்சம்னு முன்பக்கமாத் தொறக்குறதுதான் பிரச்சனை. எங்க தொறக்குறீங்க, எந்த மட்டத்துக்கு மேல தொடமாட்டீங்கன்னு கேட்டு எழுதி வாங்குங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க, வேலைக்காகாது.

பழைய கன்சல்டன்ட்:
இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதிச் சம்பளம் வாங்குனவன் நான், அந்த ஒரு வரிய நானே எத்தனை தடவை காப்பி பேஸ்ட் பண்ணிருக்கேன்னு கணக்கில்லை. இங்கிலாந்துல குவாரிக்கு நிலக்காட்சிக்குன்னே தனி அத்தியாயம் போட்டு, வீட்டுல இருந்து பாக்குறவன், நடந்து போறவன், கார்ல போறவன்னு பிரிச்சு யாருக்கு எவ்வளவு உறுத்தும்னு எழுதுவாங்க. நம்ம 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைல அந்த அளவுக்குக் கிடையாது. ஆனா அதுல வர்ற படிவம்-1ல ரெண்டு கேள்வி இருக்கு, நிலக்காட்சி, பண்பாட்டு மதிப்புக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம் பக்கத்துல உண்டா, சுற்றுலா, யாத்திரைக்கு ஜனங்க போற பாதை உண்டா. உங்க ரிப்போர்ட்ல அதுக்கு என்ன பதில் எழுதிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. "இல்லை"ன்னு இருந்து, உங்க கரட்டு மேல கோயில் இருந்து, ஆடி மாசம் ஊரே ஏறுதுன்னா, அங்கயே புடிச்சுரலாம்.

தொல்லியல் பாதுகாப்பு மட்டும் போதும்னு நம்பாதீங்க. மத்திய தொல்லியல் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை, அதுக்கப்புறம் 200 மீட்டர் கட்டுப்பாடு, அவ்வளவுதான். கண்ணு அஞ்சு கிலோமீட்டர் போகுமே. கீழவளவு போய்ப் பாருங்க, சமணர் படுக்கை இருக்கற குன்று பிழைச்சுருச்சு, சுத்தி என்ன ஆச்சுன்னு மேல ஏறுனாத் தெரியும். யானைமலை தப்புச்சதுக்குக் காரணமே வேற, 2010ல அங்க சிற்ப நகரம்னு பேச்சு வந்தப்ப ஊர் ஜனம் எதிர்த்து நின்னுச்சு.

கூட்டத்துல பேசுறதோட நிக்காம முன்னாடியே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துல குடுத்து ஒப்புகை வாங்கிருங்க. பேசுறதும் வீடியோல பதிவாகும்.

கரட்டடியான்:
ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை ஒன்பது இடத்துல நின்னு எடுத்தேன். டீக்கடைதான் மோசம்னு நெனச்சேன், கண்மாய்க் கரைல நின்னாதான் தெரியுது, தண்ணில நிழலும் விழுந்து வெட்டு ரெண்டா நிக்கிது. பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணுமே தெரியல, புளியமரம் மறைச்சுருச்சு, அதையும் அப்படியே எழுதிட்டேன். பாண்டிண்ணே, பிளான்ல பாத்தேன், முன்பக்கமாத்தான் தொறக்குறாய்ங்க. படிவத்துல பாதைக் கேள்விக்கு "இல்லை"ன்னு போட்டுருக்கு. போன ஆடில அன்னதானத்துக்கு அடிச்ச நோட்டீஸ் வீட்டுல இருக்கு, அத ஜெராக்ஸ் எடுத்து மனுவோட பின் பண்ணா செல்லுமா?

பழைய கன்சல்டன்ட்:
தாராளமா. தேதி தெரியுற மாதிரி எடுங்க.