சிறுபோகப் பங்குப் பதிவுக்கு ஜாவா வலைச்செயலி: ஜேஹிப்ஸ்டரா, ஸ்பிரிங் இனிஷியலைசரா?

வாய்க்கால்கரை:
அண்ணாமார், அக்காமார், நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு ஒரு வலைச்செயலி செய்து கொடுக்க விருப்பம். இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்துத்தான் சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்து நெற்செய்கை) எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகும். யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வாய்க்கால், யார் தன் பங்கை யாருக்கு விட்டுக்கொடுத்தார் எல்லாம் செயலாளரின் கொப்பியில் இருக்கிறது. ஜாவா ஓரளவு தெரியும். செயலியின் தொடக்கக் கோப்புகளை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர்களில், ஜேஹிப்ஸ்டரில் தொடங்கவா, ஸ்பிரிங் இனிஷியலைசரில் தொடங்கவா? வீட்டில் போன் டேட்டா மட்டும்தான்.

புதுக்குடியிருப்பான்:
ஜேஹிப்ஸ்டர் எடுங்கோ. லொகின், பயனர் நிர்வாகம், அட்டவணைகளுக்கான பக்கங்கள் எல்லாம் கையில் வந்துவிடும். மொழித் தெரிவில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன.

கமலா_அக்கா:
தங்கச்சி, நான் வவுனியாவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலியைப் பராமரிக்கிறேன். நான் சொல்வது இனிஷியலைசர்தான். ஜேஹிப்ஸ்டர் நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா வலைச்செயலிச் சட்டகத்தோடு, திரைப் பக்கங்களுக்கான ஆங்குலர் அல்லது ரியாக்டையும் சேர்த்து நூற்றுக்கணக்கான கோப்புகளைப் போட்டுத் தரும். நீங்கள் வாசிக்காத கோப்பில் பிழை வந்தால், பரீட்சை நேரத்தில் யார் திருத்துவது? செயலாளர் உங்களுக்குத்தான் கோல் எடுப்பார்.

இனிஷியலைசரில் மேவன் (நூலகங்களை இறக்கிச் செயலியைக் கட்டும் கருவி), ஜாவா 17 அல்லது அதற்கு மேல் தெரிவு செய்யுங்கள். ஸ்பிரிங் பூட் 3 முதல் 17க்குக் கீழே ஓடாது. சேர்க்கும் நூலகங்களில் ஸ்பிரிங் வெப், தைம்லீஃப் (பக்கங்களுக்கு), டேட்டா ஜேபிஏ (தரவுத்தளத்தோடு பேச), வலிடேஷன் (உள்ளீட்டைச் சரிபார்க்க), ஃப்ளைவே (அட்டவணை அமைப்பு மாற்றங்களுக்கு), போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டிரைவர் போதும். லொகினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பிரிங் செக்யூரிட்டியைப் பிறகு சேருங்கள். முதல் நாளே சேர்த்தால் எல்லாப் பக்கமும் பூட்டிக்கொண்டு, கடவுச்சொல்லைக் கொன்சோலில் தேட வேண்டிவரும். பழைய பாடங்களில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் இறக்குமதி வரிகளைக் கண்டால் கவனம், அவற்றில் பல இப்போது ஜகார்த்தா என்று மாறிவிட்டன.

ஆனால் உங்கள் வேலையின் கடினமான இடம் வேறு. ஜேஹிப்ஸ்டர் ஒவ்வொரு அட்டவணைக்கும் சேர், திருத்து, அழி என்று பொத்தான் வைத்துத் தரும். பங்குப் பதிவுக்கு 'அழி' இருக்கவே கூடாது! போன சிறுபோகத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்த பங்கு, அடுத்த முறை வழக்காடும்போது அப்படியே தெரிய வேண்டும். பங்கைக் கமக்காரர் அட்டவணையில் ஒரு கட்டமாக வைக்காதீர்கள். போகம், காணி, கமக்காரர் மூன்றையும் இணைக்கும் தனி அட்டவணையாக்குங்கள். மாற்றம் நடந்தால் புது வரி விழ வேண்டும், பழையது தொடப்படக் கூடாது. அளவைப் பேர்ச்சில் முழு எண்ணாக வையுங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச், திரையில் ஏக்கராகக் காட்டலாம். தசமத்தில் வைத்தால் கூட்டிப் பார்க்கும்போது சண்டை வரும். இதையெல்லாம் எந்த ஜெனரேட்டரும் யோசித்துத் தராது. முதலில் அந்தக் கொப்பியைச் செயலாளரோடு பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

வாய்க்கால்கரை:
மிக்க நன்றி அக்கா. டேட்டா விஷயம்?

கமலா_அக்கா:
இனிஷியலைசர் தரும் சிப் கோப்பு சின்னதுதான். முதல் தடவை ஓட்டும்போதுதான் மேவன் நூலகங்களை இறக்கும். அதைக் கம்பஸ் வைஃபையில் செய்யுங்கள், டெஸ்ட்டையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அவை உங்கள் ஹோம் கோப்புறையில் தங்கிவிடும், பிறகு வீட்டில் மேவனை ஆஃப்லைனில் ஓட்டலாம். ஜேஹிப்ஸ்டருக்கு இதோடு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) பொதிகளும் வேண்டும், அது போன் டேட்டாவுக்குச் சரிவராது. சிப்பை விரித்தவுடனேயே, ஒரு வரியும் மாற்ற முன், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஒரு கொமிட் (பதிவு) போடுங்கள். ஜெனரேட்டர் எழுதியது எது, நீங்கள் எழுதியது எது என்று பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

புதுக்குடியிருப்பான்:
பங்கு விஷயத்தில் அக்கா சொல்வது சரி, 'அழி' பொத்தானை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஜேஹிப்ஸ்டர் எடுக்கிறவர்கள் அட்மின் கணக்கின் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கோ. அது வரும்போதே அட்மின், அட்மின் என்றுதான் வரும்.