வயித்தில பிள்ளை இன்னும் தலை கீழ திரும்பேல்லை: யாழ்ப்பாணத்தில ஆருக்காவது வெளியால திருப்பிவிட்டவையோ?

எனக்கு 36 கிழமையும் 4 நாளும், இடம் நெல்லியடி. 32ஆம் கிழமை ஸ்கானிலயும் தலை மேல, நேற்றும் அப்பிடியேதான். குண்டி கீழ, ரெண்டு காலும் நீட்டினபடி. தண்ணி அளவு சரி. மூத்தவள் சுகப்பிரசவம்.

ரெண்டு கிழமையா காலையும் பின்னேரமும் முழங்கால் ஊன்றி, நெஞ்சைப் பதிச்சு, இடுப்பை உயர்த்தி 15 நிமிசம் இருந்து பாத்திட்டன். அசையேல்லை. எண்ணெய் பூசி வயித்தைத் தடவித் திருப்பிற ஒரு ஆளிட்டக் கூட்டிக்கொண்டு போகப் பாத்தா மாமி. நான் போகேல்லை, பிள்ளையின்ர துடிப்பைப் பாக்காமல் வயித்தை அமத்த விடமாட்டன்.

கிளினிக்கில சிசேரியன் எண்டு மட்டும்தான் சொல்லினம். ஆனா டொக்டர் ஸ்கான் பாத்து, கர்ப்பப்பை தளர ஊசி போட்டு, கையால திருப்பினால் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்குச் சரிவருமாம். 37 கிழமையில இருந்து அதைச் செய்யலாமாம், எனக்கு அதுக்கு மூண்டு நாள்தான் இருக்கு.

யாழ்ப்பாணத்தில எந்த ஆஸ்பத்திரியில இதைச் செய்யினம்?