மாறி வந்த மாணவர்கள் வகுப்பில் ஒட்டவில்லை, வழி சொல்லுங்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். பருவத் தொடக்கத்தில் வேறு கல்லூரிகளிலிருந்து சிலர் மாறி வந்தார்கள். பாதிப் பருவம் போய்விட்டது, இன்னும் ஒட்டவில்லை. ஆய்வகத்தில் மற்றவர்களுக்குப் போன வருஷமே கூட்டாளி அமைந்துவிட்டதால், இவர்கள் யார் பின்னாலாவது நின்று ரீடிங்கை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். இடைவேளை விட்டதும் போனோடு மாடிப்படிக்குப் போய்விடுகிறார்கள். நன்றாகப் படிப்பவர்களுக்கே உள்தேர்வில் மதிப்பெண் இறங்கியிருக்கிறது.

இந்தச் சரிவு புதிதல்ல. 1965-லேயே ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் இதை 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று எழுதினார். பலர் பிறகு மீண்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பெண் பழைய கல்லூரிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறாள். காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

அறிமுக நாளுக்கு அனுப்பினேன், அது முழுக்க முதலாண்டுப் பிள்ளைகளுக்கானது. ஆளுக்கு ஒரு சக மாணவரைத் துணையாகப் போட்டேன், சில நாளில் நின்றுபோனது. வகுப்பு வாட்ஸப் குழுவில் சேர்த்தும் வாய் திறப்பதில்லை. விடுபட்ட பாடங்களுக்கு வைத்த தனி வகுப்பு மட்டும் கொஞ்சம் கைகொடுக்கிறது.

அடுத்து ஆய்வகக் குழுக்களைக் கலைத்துப் போட நினைக்கிறேன். பருவத்தின் நடுவில் இப்படிச் செய்தவர்கள், பழைய மாணவர்கள் முகம் சுளிக்காதபடி அதை எப்படிச் செய்தீர்கள்?